கத்திக்குத் தோய்ச்சல் போடக் கத்துக்கணும்: லாரி பட்டையும் பழைய அரமும் கையில இருக்கு

முதுநகர்வாசி

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஊர் கடலூர் முதுநகர். துறைமுகத்துல மீன் வாங்கிட்டு வந்து வீட்டுலயே ஆயுற குடும்பம். கடையில வாங்குற கத்தி வஞ்சிரத்து முள்ளுல நாலு தரம் பட்டாலே கூர் மடங்கிடுது. சாணைக்காரர்கிட்ட கொடுத்துக் கொடுத்து பாதிக் கத்தி தேஞ்சே போச்சு. அதான் நானே செய்யலாம்னு இறங்கியிருக்கேன்.

கிரைண்டர் வச்சு ரெண்டு கத்திக்கு வடிவம் கொண்டுவந்தாச்சு. ஒண்ணு லாரி ஸ்பிரிங் பட்டை, பழைய இரும்புக் கடையில எடுத்தது. இன்னொண்ணு தேஞ்ச தட்டை அரம், பாண்டி சண்டே மார்க்கெட்ல மகாத்மா காந்தி வீதியில கிடைச்சது. ரெண்டுக்கும் இன்னும் சூடு காட்டல, தோய்ச்சலும் (காய்ச்சி முக்கி இறுக்குறது) போடல. வடிவம் எவ்வளவு அழகா வந்தாலும் சூட்டுலதான் கத்தி கத்தியாகுதுன்னு எல்லாரும் சொல்றாங்க, அதனால கேட்டுட்டே செய்யலாம்னு நிறுத்தி வச்சிருக்கேன்.

கையில இருக்கிறது: செங்கல் அடுக்குன சின்ன கரி உலை, காத்துக்கு ஹேர் டிரையர், ஒரு காந்தம், நீளக் குறடு, வீட்டுல ஓடிஜி அவன். எவ்வளவு சூடு, முக்குறது எண்ணெயா தண்ணியா, அப்புறம் டெம்பர் (இறுகின கத்தி உடையாம இருக்க மறுபடி மிதமாச் சூடு காட்டுறது) எப்படின்னு தெரியணும். நெய்வேலியில இருக்கிற மாமா பழுப்பு நிலக்கரி கொண்டாந்து தர்றேங்குறார். அது உலைக்கு ஆகுமா?

கெடிலக்கரை

ரொம்ப யோசிக்காத நண்பா. செக்கச் செவேல்னு காய்ச்சு, காந்தம் ஒட்டலேன்னா எடுத்து பைக் வேஸ்ட் ஆயில்ல முக்கு. அவ்ளோதான். எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.

பழைய டூல்ரூம்

தம்பி முதுநகர்வாசி, சூடு காட்டுறதுக்கு முன்னாடி கேட்டீங்களே, அதுவே பாதி வேலை. நான் பாண்டிச்சேரி தட்டாஞ்சாவடி எஸ்டேட் பக்கம் ஒரு டூல்ரூம்ல டை, பஞ்ச் மாதிரி கருவிகளை எல்லாம் ஹார்டனிங் (சூடு காட்டி இறுக்குறது) பண்ணிட்டிருந்தவன். இப்போ ஓய்வு. கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

முதல்ல கெடிலக்கரைத் தம்பிக்கு. வேஸ்ட் ஆயில் வேண்டாம். வண்டியில ஓடுன ஆயில்ல உலோகத்தூள், பெட்ரோல் மிச்சம், பழைய கெமிக்கல் எல்லாம் கலந்திருக்கும். 800 டிகிரி இரும்பு உள்ள போனா அந்தப் புகை அப்படியே மூக்குக்குத்தான் வரும். மீன் ஆயுற கத்திக்கு அது தேவையே இல்ல. நம்ம விருத்தாசலம் பக்கம் விளையுற மணிலாவே போதும், ரீஃபைன்டு கடலை எண்ணெய் 4, 5 லிட்டர் இருந்தா ஒரு சமையல் கத்திக்குத் தாராளம். செக்கு எண்ணெயில கசடும் ஈரமும் கொஞ்சம் கூட இருக்கும், அதனால ரீஃபைன்டு நல்லது. எண்ணெயை 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிட்டு முக்கணும். சூடான எண்ணெய் இளகி இரும்பைச் சட்டுன்னு நனைக்கும், குளிர்ச்சியும் வேகமா நடக்கும். ஆறின எண்ணெய் கெட்டியா இருந்து கத்தியைச் சுத்தி ஆவிப்படலத்தை விட்டு வைக்கும்.

அடுத்தது காந்தம். காந்தம் விடுறது சுமார் 770 டிகிரியில. அது ஒரு மைல்கல், போய்ச்சேர வேண்டிய ஊர் இன்னும் தள்ளி இருக்கு. எவ்வளவு தள்ளிங்கிறது எஃகைப் பொறுத்தது. உங்க லாரி பட்டை பெரும்பாலும் ஈஎன் 45ங்கிற ஸ்பிரிங் எஃகு வகையா இருக்கும். கார்பன் 0.5, 0.6 சதவீதம்தான், சிலிக்கான் 1.5 சதவீதத்துக்கு மேல. அந்தச் சிலிக்கானால இது 880 டிகிரிக்கு மேல போனாத்தான் முழுசா இறுகும். காந்தம் விட்ட உடனே முக்கினா, அரத்தால தேய்ச்சா லேசா கடிக்கிற பதத்துலயே, முழுசா இறுகாம நின்னுடும். அதுலயும் பட்டைன்னா எல்லாம் ஈஎன் 45ன்னு சொல்லிட முடியாது. குரோமியம் வனேடியம் கலந்த பட்டையும் உண்டு, வேற கிரேடும் உண்டு. ரோட்டுல வருஷக்கணக்கா குலுங்கின பட்டையில கண்ணுக்குத் தெரியாத கீறலும் இருக்கலாம். அது தோய்ச்சல்ல வாயைத் திறக்கும்.

அரத்துக் கத்திக்கு உலையே வேண்டாம். நல்ல அரம்னா கார்பன் 1.2 சதவீதம் பக்கம், ஃபேக்டரியிலயே இறுக்கி விட்டிருப்பாங்க. நீங்க அதைக் காய்ச்சி இளக்காம நேரா கிரைண்டர்ல வடிவம் எடுத்திருந்தா, அரைக்கும்போது எங்கயும் நீலம் ஓடலேன்னா, இறுக்கம் இன்னும் உள்ளயே இருக்கு. பல்லு இருந்த தடத்தை மொத்தமா அரைச்சு எடுத்துடுங்க, அந்தப் பள்ளத்துலதான் விரிசல் பிறக்கும். அப்புறம் ஓடிஜியில 220 டிகிரி பக்கம் ரெண்டு மணி நேரம், ஆற விட்டு மறுபடி ரெண்டு மணி நேரம். அந்தக் கத்தி வேலைக்கு வந்துடும். மலிவான சில அரங்கள்ல மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே சாதா இரும்பா இருக்கும். வெட்டி எடுத்த மிச்சத் துண்டை உடைச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்.

தோய்ச்சலை முறையாக் கத்துக்கணும்னா, பெயர் தெரிஞ்ச எஃகு ஒண்ணு வாங்குங்க. டூல் ஸ்டீல் கடையில ஓஎச்என்எஸ் (எண்ணெய்ல முக்கி இறுக்குற ஒரு வகைக் கருவி எஃகு) பட்டை 3 மில்லிமீட்டர் கனத்துல கேளுங்க. சென்னை பாரிமுனைப் பக்கம் கிடைக்கும், பாண்டியில டூல்ரூம்களுக்குச் சப்ளை பண்றவங்ககிட்ட துண்டாவும் கிடைக்கலாம். கார்பன் 0.9 பக்கம். 790ல இருந்து 820 டிகிரிக்குள்ள சூடு, அதுலயே ஏழெட்டு நிமிஷம் நிறுத்தி எண்ணெய்ல முக்கினா நல்லா இறுகும். கொஞ்சம் மெதுவான எண்ணெயையும் பொறுத்துக்கும். அரத்து எஃகுக்கு அந்தப் பொறுமை கிடையாது, ஒரு நொடிக்குள்ள 550 டிகிரிக்குக் கீழ இறங்கியாகணும்.

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். வடிவம் எடுத்த கத்தியை முதல்ல உலைக்குள்ள வைக்காதீங்க. அதே பட்டையில விரல் நீளத்துக்கு மூணு துண்டு வெட்டுங்க. ஒண்ணைக் காந்தம் விட்டதும் முக்குங்க. ஒண்ணை அதுக்கு மேல ஒரு படி செம்மை ஏறினதும் முக்குங்க. மூணாவதை ஆரஞ்சு நிறம் தாண்ட விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே வச்சு முக்குங்க. மூணையும் வைஸ்ல பிடிச்சு, துணி சுத்தி, கண்ணாடி போட்டுக்கிட்டு சுத்தியால உடைங்க. உடைஞ்ச முகத்தை வெயில்ல திருப்பிப் பாருங்க. சரியான சூடு கண்ட துண்டு சாம்பல் நிறத்துல, மினுக்கமே இல்லாம மழமழன்னு இருக்கும். அதிகச் சூடு கண்டது நாட்டுச் சர்க்கரை மாதிரி மணிமணியா மினுங்கும். அந்த மணி பெருத்த கத்தி எவ்வளவு இறுகியிருந்தாலும் கீழ விழுந்தா ரெண்டாப் போகும். ஆயிரம் வீடியோ பார்த்தாலும் வராத தெளிவு அந்த மூணு துண்டுல வந்துடும்.

நெய்வேலி நிலக்கரி வேண்டாம். பழுப்பு நிலக்கரியில பாதிக்குப் பாதி ஈரம். பவர் ஸ்டேஷன் பாய்லருக்கு அது சரி, உங்க செங்கல் உலைக்குப் புகைதான் மிஞ்சும். மரக்கரி போதும்.

கொல்லுப்பட்டறைப் பொண்ணு

டூல்ரூம் ஐயா சொன்னதுல பெரும்பகுதி சரிதான், ஆனா ஒண்ணு சொல்லணும். நான் வில்லியனூர். எங்கப்பா, தாத்தா எல்லாம் கொல்லுவேலை. எங்க பட்டறையில ஓஎச்என்எஸ் வந்ததே இல்ல. எல்லாம் லாரி பட்டைதான். களைக்கொத்து, அருவா, கரும்பு வெட்டுற கத்தி எல்லாத்துக்கும் தண்ணித் தோய்ச்சல்தான். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டுறவங்க அந்தக் கத்தியைச் சீசன் பூரா அடிக்கிறாங்க, திரும்ப வந்து புதுசு கேக்குறாங்க. அதனால "பட்டை வேண்டாம், தண்ணி வேண்டாம்"னு புதுசா வர்றவங்க மனசுல பதிஞ்சிடக் கூடாதுன்னு எழுதுறேன்.

அப்பா செய்யிறதைப் பக்கத்துல நின்னு பார்த்த மாதிரியே சொல்றேன். அருவாவை உலையில முதுகு கீழ, கூர் மேல இருக்கிற மாதிரிதான் வைப்பாங்க, முதுகு கனம், அது மெதுவா ஏறும், கூர் மெலிசு, சீக்கிரம் ஏறிடும். நிறம் ஒண்ணா வந்ததும் எடுத்து, கூர்ப்பக்கம் மட்டும் விரல்கடை ஆழத்துக்குத் தண்ணித் தொட்டியில இறக்கி, முன்னும் பின்னுமா இழுப்பாங்க. ஒரே இடத்துல நிறுத்த மாட்டாங்க, நிறுத்தினா தண்ணி மட்டத்துல கோடு போட்ட மாதிரி விரிசல் விழும். சத்தம் அடங்கினதும் வெளிய எடுத்து, உடைஞ்ச செங்கல் துண்டால கூர்ல நாலு இழுப்பு. கருப்பு போயி வெள்ளை தெரியும். முதுகுல இன்னும் சூடு இருக்கில்ல, அது மெல்ல கூருக்கு இறங்கும். அப்போ அந்த வெள்ளையில நிறம் ஓட ஆரம்பிக்கும். முதல்ல வெளிர் மஞ்சள், பின்னாலயே கருமஞ்சள், அது பின்னால பழுப்பு, செவ்வூதா, நீலம். கூர் நுனிக்கு எந்த நிறம் வரணுமோ அது வந்த நொடி முழுசா முக்கிடுவாங்க. அருவாவுக்குப் பழுப்பு. உளிக்குக் கருமஞ்சள். ஒரே சூட்டுல இறுக்கமும் டெம்பரும் முடிஞ்சது. ஓடிஜியும் வேண்டாம், சூடு அளக்கிற மீட்டரும் வேண்டாம்.

பழைய டூல்ரூம்

அம்மா, நீங்க எழுதினது அத்தனையும் சத்தியம். உங்கப்பா மாதிரி ஆட்கள்கிட்ட நான் எந்தக் காலேஜ்லயும் கிடைக்காத பாடம் கத்திருக்கேன். அந்த முறை ஏன் அங்க சரியா வருதுன்னு மட்டும் தம்பிக்குப் பிரிச்சுச் சொல்றேன்.

அருவா கனமான பொருள், முதுகுல சூடு தேங்கி நிக்கும். அந்தத் தேங்கின சூடுதான் டெம்பரைப் பண்ணுது. தம்பியோட மீன் கத்தி முதுகே 3 மில்லிமீட்டர்தான், தண்ணியில தொட்ட மாத்திரத்துல முழுசா ஆறிடும். நிறம் ஓட மிச்சச் சூடு இருக்காது. ரெண்டாவது, பட்டையில கார்பன் 0.6க்குள்ள, அதுவும் கூர் மட்டும் முங்குது, அதனால தண்ணியைத் தாங்குது. 0.9 கார்பன் உள்ள மெலிசான கத்தியை முழுசாத் தண்ணியில விட்டா "டிக்"னு ஒரு சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் கேட்டா கத்தி போச்சு. மூணாவது, உங்கப்பா கண்ணு. பட்டறை எப்பவும் இருட்டா இருக்கிறதுக்குக் காரணம் இருக்கு. நிறம் பார்க்க வெளிச்சம் ஒரே அளவா இருக்கணும். நம்ம கடலோர வெயில்ல மத்தியானம் வாசல்ல உலை வச்சா 900 டிகிரி கூட மங்கலாத்தான் தெரியும், பையன் இன்னும் ஏறலேன்னு காத்து ஊதிக்கிட்டே இருப்பான். சாயங்காலம் இருட்டினப்புறம், இல்ல கொட்டகைக்குள்ள செய்யணும். கொட்டகைன்னா ரெண்டு பக்கம் திறந்திருக்கணும், மூடின அறையில மரக்கரி எரிச்சா கார்பன் மோனாக்சைடு ஆளையே சாய்ச்சிடும்.

கொல்லுப்பட்டறைப் பொண்ணு

கண்ணு விஷயம் ஒத்துக்கிறேன் ஐயா. அப்பாவும் பகல்ல தோய்ச்சல் போட மாட்டார். முதுநகர் அண்ணா, கரிக்குச் சவுக்குக்கரி கிடைச்சா எடுங்க, கடலூர்ல இருந்து மரக்காணம் வரைக்கும் சவுக்குதானே. வேலிகாத்தான் கரியும் நல்லா நின்னு எரியும். ஐப்பசி கார்த்திகையில கரியைச் சாக்கோட வெளிய போட்டுடாதீங்க, மழை ஈரம் ஏறின கரி வெடிச்சுத் தெறிக்கும், சூடும் ஒரே சீரா வராது. துண்டுகளை நெல்லிக்காய் அளவுக்கு உடைச்சுப் போடுங்க. பெரிய கட்டியாப் போட்டா இடையில காத்து புகுந்து கத்தியில செதில் பிடிக்கும்.

மண்சூளை

நான் ஆரோவில் பக்கம் பீங்கான் வேலை செய்றவள். கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி 1971ல பாண்டியில தொடங்கினதுல இருந்து இந்தச் சுத்துவட்டாரத்துல ஸ்டூடியோ பாட்டர்கள் பெருகிட்டாங்க, அதனால சூளைச் சாமான் எல்லாம் நம்ம ஊர்ல விசாரிச்சாலே வழி கிடைக்கும். கத்திக்காரங்க அதை ஏன் பயன்படுத்திக்கிறது இல்லன்னு எனக்கு எப்பவும் ஒரு ஆதங்கம்.

கே டைப் தெர்மோகப்பிள் (உலைக்குள்ள நீட்டிச் சூடு அளக்கிற கம்பி) ஒண்ணும், சாதாரண டிஜிட்டல் டெம்பரேச்சர் மீட்டர் ஒண்ணும் வாங்குங்க. எலக்ட்ரிக்கல் கடையில கேட்டா கிடைக்கும், பெரிய விலை இல்ல. நிறம் பார்க்கிற வாதமே பாதி குறைஞ்சிடும். உலைக்குள்ள ஒரு இரும்புக் குழாயைப் படுக்க வச்சு, பின்வாயை அடைச்சு, கத்தியை அந்தக் குழாய்க்குள்ள வையுங்க. கரி நேரா கத்தியில படாது, காத்து நேரா அடிக்காது, சூடு நுனிக்கும் காம்புக்கும் ஒண்ணா வரும். தெர்மோகப்பிளையும் அதுக்குள்ளயே நீட்டிடலாம். ஆனா ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்) கூடவே கூடாது. அந்தத் துத்தநாகம் புகையா வரும், சுவாசிச்சா அன்னிக்கு ராத்திரியே குளிர் காய்ச்சல். பூச்சு இல்லாத கருப்புக் குழாய்தான்.

மீட்டர் வாங்குற வரைக்கும் ஒரு வழி. சாப்பாட்டு உப்பு 801 டிகிரியில உருகும். சின்ன இரும்புத் தகடு மடிச்சு அதுல ஒரு சிட்டிகை தூள் உப்பு வச்சு, குழாய்க்குள்ள கத்தி பக்கத்துல வையுங்க. உப்பு கண்ணாடியா உருகி ஓடுற நேரம் நீங்க 800 தொட்டாச்சு. ஓஎச்என்எஸ்ஸுக்கு இது கைமேல கிடைச்ச அளவுகோல். கல்லுப்பு போடாதீங்க, உள்ள ஈரம் இருந்து வெடிக்கும். மரக்காணம் உப்பா இருந்தாலும் நல்லா வறுத்துப் பொடிச்சுத்தான் வைக்கணும்.

செராமிக் வுல் (சூடு தாங்குற பஞ்சு மாதிரி இழை) வச்சு உலை கட்டுறவங்க அதைத் திறந்தபடி விடாதீங்க. அந்த இழை நுரையீரலுக்குக் கெடுதல். மேல ஃபயர் சிமென்ட் பூசி மூடிடுங்க.

கெடிலக்கரை

உப்பு விஷயம் இப்பத்தான் கேள்விப்படுறேன் அக்கா, அருமை. நானும் இந்த வாரம் பண்ணிப் பார்க்கிறேன். எண்ணெய்க்கு பிளாஸ்டிக் பக்கெட் போதுமா?

பழைய டூல்ரூம்

பிளாஸ்டிக் ஆகாது தம்பி. கத்தி நழுவி அடியில பட்டா பக்கெட் உருகி எண்ணெய் தரையெல்லாம் ஓடும், மேல தீ இருக்கும். அடி மூடி வெல்டு வச்ச இரும்புக் குழாய், கத்தி நீளத்தை விட ஒரு சாண் உயரமா இருக்கணும். பக்கத்துலயே அதுக்குப் பொருந்துற இரும்பு மூடி. எண்ணெய் தீப்பிடிச்சா மூடியைப் போட்டு அமுக்கணும், தண்ணி ஊத்தவே கூடாது. எண்ணெய்க்குள்ள தண்ணிச் சொட்டு இருந்தாலும் அது ஆவியாகி எண்ணெயை மேல தூக்கி அடிக்கும், அதனால முந்தின நாள் மழையில நனைஞ்ச பாத்திரத்தைத் துடைக்காம எடுக்காதீங்க. ஒரு வாளி மணல், பருத்திச் சட்டை, தோல் செருப்பு இல்ல ஷூ. பாலியெஸ்டர் சட்டை போட்டு உலை பக்கம் வராதீங்க.

கேஸ் உலை யோசிக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு வர்ற 14.2 கிலோ சிலிண்டர் சமையலுக்கு மட்டும்தான், சட்டமும் அதான் சொல்லுது. அந்த அடுப்பு ரெகுலேட்டர் தர்ற அழுத்தமும் உலை பர்னருக்குப் பத்தாது. அதைக் கழட்டி வேற மாட்டி விளையாடாதீங்க.

பண்ருட்டி பலா

இடையில ஒரு கேள்வி. பலாப்பழம் பிளக்கிற கத்தி செய்யணும். பவர் ஹாக்சா பிளேடு கிடைச்சிருக்கு. காய்ச்சித் தட்டி வளைச்சுக்கலாமா?

பழைய டூல்ரூம்

காய்ச்ச வேண்டாம். முழுசா எச்எஸ்எஸ்ஸா (ஹை ஸ்பீட் ஸ்டீல்) இருக்கிற பிளேடுன்னா அது 1200 டிகிரி பக்கம் இறுக்கின எஃகு, உங்க உலையில திரும்பச் சரிபண்ண முடியாது. வெறும் கிரைண்டர்ல வடிவம் எடுத்தா நல்ல சின்னக் கத்தி வரும். ஆனா பலாவுக்கு முறுக்கித் திருப்புற வேலை இருக்கு, அந்தப் பிளேடு நெளியாது, பட்டுன்னு உடைஞ்சிடும். பலாவுக்கு லாரி பட்டைதான் சரி. வில்லியனூர் அம்மா சொன்ன மாதிரி பழுப்பு நிறம் வரை டெம்பர் இறக்குங்க. கூர் கொஞ்சம் சீக்கிரம் மழுங்கினாலும் ஓரம் பேராது.

நடத்துநர்

இடைச்செருகலா ஒரு நினைவூட்டல். 2016 ஆயுத விதிகள்படி, வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைத்தவை தவிர, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதக் கணக்கில் வரும். இந்த இழை சமையல் கத்தி, விவசாயக் கருவிகளுக்கு மட்டும். வாள், பட்டாக்கத்தி பற்றிய கேள்விகள் நீக்கப்படும்.

ரொட்டி அடுப்பு

டெம்பர் பத்தி பேச்சு வந்ததால எழுதுறேன். பாண்டியில எங்களுக்கு விறகு அடுப்பு பேக்கரி. ரொட்டி எடுத்து முடிச்சப்புறம் அடுப்பு 200 டிகிரி பக்கம் வந்து ரொம்ப மெதுவா இறங்கும், செங்கல்லுல அவ்வளவு சூடு தேங்கி நிக்கும். பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருத்தர் உளி எல்லாம் கொண்டுவந்து வச்சு எடுத்துட்டுப் போவார். வீட்டு ஓடிஜியில அந்த நிதானம் கிடையாது. காயில் எரியும்போது மேல ஏறும், அணைஞ்சா இறங்கும். கேக் வேகும்போதே நாங்க அதைப் பார்க்கிறோம். கத்தியை நேரா கம்பித்தட்டுல வைக்காம, ஒரு தட்டு நிறைய ஆத்து மணல் கொட்டி முன்னாடியே ஒரு மணி நேரம் காய விட்டு, அந்த மணலுக்குள்ள புதைச்சு வையுங்க. அடுப்புக்குள்ள வைக்கிற தெர்மாமீட்டர் ஒண்ணை மணல்ல சொருகி அதை நம்புங்க, திருகுல போட்டிருக்கிற நம்பரை நம்ப வேண்டாம். கத்தியில எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வைக்கணும், இல்லேன்னா அப்புறம் செய்யிற கேக்குல எல்லாம் அந்த வாடை.

முதுநகர்வாசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஓஎச்என்எஸ் பட்டை வாங்கி, துண்டு வெட்டி, ராத்திரி உலை மூட்டினேன். குழாய் முறை, உப்பு முறை ரெண்டும் வச்சுப் பார்த்தேன்.

உலைக்குள்ள நடந்த ஒரு விஷயத்தை எழுதியே ஆகணும். குழாய்க்குள்ள துண்டு செவந்துட்டே வரும்போது, ஒரு கட்டத்துல வெளிச்சம் ஏறாம நிழல் மாதிரி ஒண்ணு துண்டு மேல நகருது. ஓரம் பளிச்சுன்னு, நடுவுல மங்கல். அந்த மங்கல் சுருங்கிக் காணாம போச்சு, அப்புறம்தான் முழுசா ஒரே நிறத்துல ஏறிச்சு. கொஞ்ச நேரத்துல உப்பும் உருகிடுச்சு.

உடைச்சுப் பார்த்த கணக்கு: காந்தம் விட்டதும் முக்கின துண்டு உடையறதுக்கு முன்னாடி கொஞ்சம் வளைஞ்சுது, அரமும் லேசா பிடிச்சுது. உப்பு உருகி நிறுத்தி வச்சு முக்கினதுல அரம் வழுக்கிட்டே போச்சு, ஒரே அடியில உடைஞ்சுது, உள்முகம் மங்கின சாம்பல். ஆரஞ்சு தாண்டினது தட்டினவுடனே போயிடுச்சு, உள்ள மணிமணியா மினுங்குது. அம்மாகிட்ட காட்டினேன், அவங்களுக்கே வித்தியாசம் தெரியுது.

இப்போ சந்தேகம்: உடைச்ச துண்டுல சரியா வந்ததை ஒரு ஒட்டுமொத்தக் கத்தியில செய்யும்போது நுனி கோணாம இருக்க என்ன செய்யணும்? டெம்பரை மறுநாள் காலையில வச்சுக்கலாமா?

பழைய டூல்ரூம்

தம்பி, நீங்க பார்த்த அந்த நிழல்தான் எஃகு உள்ளுக்குள்ள மாறுற நேரம். அந்த மாற்றத்துக்கே சூடு செலவாகுது, அதனால அந்த இடம் கொஞ்ச நேரம் மங்கித் தெரியும். நிழல் முழுசா மறைஞ்சாத்தான் கத்தி முழுக்க மாறியிருக்கு. அதைக் கண்ணால கண்டுட்டீங்க, இனி காந்தத்தை ஓரமா வச்சிடலாம்.

டெம்பரை மறுநாளுக்குத் தள்ளாதீங்க. தோய்ச்சல் முடிஞ்ச கத்தி உள்ளுக்குள்ள இழுத்துக்கட்டி நிக்குது. ராத்திரி மேசையில கிடக்கும்போதே தானா விரியுறது உண்டு. கையில பிடிக்கிற சூட்டுக்கு வந்ததும் நேரா மணல் தட்டுக்குள்ள போகணும். அதனால ஓடிஜியை முன்னாடியே சூடாக்கி வச்சுட்டு உலைக்கு வாங்க.

கோணல் பெரும்பாலும் நாம வச்சது. கூரை ரொம்ப மெலிசா அரைச்சுட்டு தோய்ச்சல் போட்டா நெளியும், தோய்ச்சலுக்கு முன்னாடி கூர் 1 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மெலிசாக்குறதெல்லாம் டெம்பருக்கு அப்புறம், தண்ணியில தோய்ச்சுத் தோய்ச்சு, வெறுங்கையால பிடிச்சு அரைக்கணும். கை சுட்டா நிறுத்துங்க. நீலம் கண்ட இடத்துல இறுக்கம் போனது போனதுதான். எண்ணெய்ல நுனி முதல்ல, நேர் செங்குத்தா இறக்கி, கூர் போற திசையில முன்னும் பின்னும் ஆட்டுங்க. பக்கவாட்டுல அசைச்சா ஒரு பக்கம் முந்தி ஆறி மறுபக்கத்தை இழுக்கும். எடுத்தவுடனே முதுகைக் கண்ணுக்கு நேரா வச்சுப் பாருங்க. 200 டிகிரிக்கு மேல இருக்கிற வரைக்கும் கத்தி வளைஞ்சு கொடுக்கும். தோல் கையுறையோட ரெண்டு மரக்கட்டைக்கு நடுவுல வச்சு அமுக்கினா நேராகிடும். ஆறினப்புறம் சுத்தியால தொடாதீங்க. அப்பவும் மிச்சக் கோணல் இருந்தா, ரெண்டாவது டெம்பர்ல ஒரு கனமான இரும்புப் பட்டையோட சேர்த்து கிளாம்ப் போட்டு, கோணலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு காசு கனம் கொடுத்து வச்சா இறங்கும்.

மெலிசான மீன் கத்திக்கு 200 டிகிரி போதும், இறுக்கம் 60 எச்ஆர்சி (எஃகோட கடினத்தை அளக்கிற ராக்வெல் அளவு) சுத்தி நிக்கும். தலையை வெட்ட, முள்ளை நறுக்கன்னா 230.

கொல்லுப்பட்டறைப் பொண்ணு

அண்ணா, தோய்ச்சலுக்கு முன்னாடி ஒரு வேலை விட்டுப்போச்சு. கிரைண்டர்ல அரைச்ச கத்தியில உள்இறுக்கம் இருக்கும். அதைச் செவக்கக் காய்ச்சி, காத்து படாத இடத்துல தொங்கவிட்டு, கருப்பாகி ஆறுற வரைக்கும் விடுங்க. அடுத்த தரம் கொஞ்சம் குறைச்ச சூட்டுல அதே மாதிரி, அதுக்கடுத்தது இன்னும் குறைச்சு. எங்கப்பா தட்டி முடிச்ச அருவாவைச் சாம்பல்ல ஒரு ராத்திரி பூரா புதைச்சு வச்சு எடுப்பார். கோணல் அதுலயே பாதி அடங்கிடும். ஓஎச்என்எஸ் காத்துலயே கொஞ்சம் இறுகும்னு டூல்ரூம் ஐயா தனியாச் சொன்னார், அதனால அதுக்குச் சாம்பல்தான் பொருத்தம்.

முதுநகர்வாசி

சாம்பல்ல புதைச்சு எடுத்து, அப்புறம் தோய்ச்சல் முடிச்சு, மணல் தட்டுல ரெண்டு தரம் டெம்பர் ஆச்சு. சுத்தம் பண்ணின இடத்துல வெளிர் மஞ்சள் வந்திருக்கு. சாணை பிடிச்சு, பித்தளைக் கம்பி மேல கூரைச் சாய்ச்சு அழுத்திப் பார்த்தேன். கூர் வளைஞ்சு, கம்பியைத் தாண்டினதும் தானா நேராகுது. பேரல, மடங்கல. நேத்து காலையில ஒரு கூடை சங்கரா முழுக்க இதுலதான் ஆஞ்சோம்.

ஒரே தொல்லை, உப்புத்தண்ணி பட்டு அரைமணி நேரத்துல துரு புள்ளி எட்டிப் பார்க்குது.

கொல்லுப்பட்டறைப் பொண்ணு

அது அப்படித்தான் அண்ணா, எவர்சில்வர் இல்லையே. வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணியில கழுவி, துணியில துடைச்சு, தேங்கா எண்ணெய் ஒரு சொட்டு தடவி வையுங்க. புளியைக் கரைச்சு ஒரு தரம் பூசி ஊற விட்டுக் கழுவினா கருஞ்சாம்பலா ஒரு தோல் படியும், அப்புறம் துரு அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. அந்த லாரி பட்டைக் கத்தியை வீணாக்காதீங்க. ஞாயித்துக்கிழமை வில்லியனூருக்கு எடுத்துட்டு வாங்க, பட்டறையில அப்பா இருப்பார். அதே பட்டையில வெட்டின துண்டும் ஒண்ணு ரெண்டு கொண்டுவாங்க, முதல்ல அதைத்தான் உடைப்பார்.